மட்டம் மறைக்கும் தேய்மானம்

பாலாவியில் பிரிந்து கற்பிட்டி நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓடும் வீதிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. நுரைச்சோலை, குறிஞ்சிப்பிட்டி என்று இந்தக் குடாநாட்டில் வரும் ஊர்கள் மணலின் மேல் நிற்பவை. பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துக்கோ கரைக்கோ இறங்கினால் சக்கரம் புதையும் தடங்கள்தான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றாடிச் சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டாரையும், ஓகஸ்ட் திருவிழாவுக்குத் தலவில புனித அன்னாள் திருத்தலம் போகும் குடும்பங்களையும் சுமந்துகொண்டு பெரிய ஜீப்புகள் இங்கே நிறைய வருகின்றன. அவற்றில் பல, பத்துப் பதினைந்து வருடங்களைத் தாண்டியவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் நாட்டில் இருந்த வண்டிகளே ஓடின, ஓடி மூப்படைந்தன. அப்படி மூப்படைந்த ஒரு டொயோட்டா லாண்ட் குரூசர் பிராடோவின் பின்பக்கம் ஒரு காலையில் தாழ்ந்து கிடந்தால் உரிமையாளர் பதறி கராஜுக்குப் போகிறார், காற்றுப்பையை மாற்றுகிறார், வண்டி பழையபடி நேராக நிற்கிறது, கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார். அந்த நினைப்பு ஆபத்தானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். எயார் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பின் சொக் அப்சோபர் தேய்வதை வண்டியே உரிமையாளரிடமிருந்து மறைக்கிறது. நேராக நிற்பது நலமாக இருப்பதற்குச் சான்று அல்ல.

முதலில் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது. சக்கரம் மேட்டில் ஏறும்போது அமுங்கி, இறங்கும்போது விரிந்து, வண்டியின் உடலை அந்த மேடு பள்ளத்திலிருந்து பிரித்து வைக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் தான் வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கும். அதைத் தின்றுவிட ஒன்று இல்லாவிட்டால் வண்டி, தள்ளிவிட்ட ஊஞ்சல் போல, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்தியைத் தின்பதே சொக் அப்சோபரின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய், பிஸ்டனில் உள்ள சிறு வால்வுகள் வழியாக நெருக்கிப் பிழியப்படும்போது அசைவு வெப்பமாக மாறுகிறது. பெயர் எப்படி இருந்தாலும் சொக் அப்சோபர் அதிர்ச்சியைத் தாங்குவதில்லை, எடையையும் தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் தொழில். 2002இல் வந்த பிராடோ 120 வரிசையிலும் 2009இல் வந்த 150 வரிசையிலும் உயர்தர வகைகளில் பின் அச்சுக்கு மேல் உருக்குச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அருகே தனியாக, மின்சாரத்தால் இறுக்கத்தை மாற்றக்கூடிய சொக்குகள் நிற்கின்றன. அமெரிக்காவின் சபர்பன், எஸ்கலேட் போன்ற பெரிய வண்டிகளில் வேறு ஓர் ஏற்பாடு உண்டு: சுருள் ஸ்பிரிங் அப்படியே இருக்க, சொக்கின் உடலைச் சுற்றியே ஒரு காற்றுறை பொருத்தப்பட்டு, பாரம் ஏறும்போது அது மட்டும் ஊதி உயர்த்தும். அமைப்பு எதுவானாலும் காற்று சுமக்கிறது, எண்ணெய் அடக்குகிறது.

காற்றுப்பையின் சிறப்பு எளிய கணக்கில் தெரியும். பின் சக்கரம் ஒன்றின் மேல் வண்டி உடலின் 500 கிலோ எடை இருப்பதாக வைப்போம். அந்த உடல் செக்கனுக்கு 1.2 தடவை ஆடும்படி ஸ்பிரிங் அமைந்திருப்பதாகவும் வைப்போம். சொகுசான வண்டிக்கு இது பொருத்தமான அளவு. இப்போது ஆட்களும் பெட்டிகளுமாக அந்தச் சக்கரத்துக்கு இன்னும் 250 கிலோ ஏறுகிறது. உருக்குச் சுருள் என்றால் பின்பக்கம் எட்டரை சென்ரிமீற்றர் தாழும், முன் விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், ஆட்டம் செக்கனுக்கு ஒரு தடவைக்குச் சற்றுக் கீழே இறங்கும். காற்றுப்பை உள்ள வண்டியில் உயரம் அளக்கும் சென்சர் தாழ்வைக் கண்டு கம்ப்ரசரை இயக்குகிறது. பைக்குள் அமுக்கம் ஒன்றரை மடங்காகிறது. வண்டி பழைய மட்டத்துக்கு வருகிறது. காற்று ஸ்பிரிங்கின் விறைப்பு அமுக்கத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுவதால் விறைப்பும் ஒன்றரை மடங்காகிறது. எடையும் விறைப்பும் ஒரே விகிதத்தில் கூடுவதால் ஆட்டம் அதே 1.2 தடவையில் நிற்கிறது. ஏழு பேர் ஏறினாலும் தனியாக ஓட்டினாலும் வண்டி ஒரே மாதிரி நடக்கிறது என்று உரிமையாளர்கள் பெருமைப்படுவதற்கு இதுவே காரணம். அந்தப் பெருமை நியாயமானதுதான்.

ஆனால் அதே கணக்கின் அடுத்த வரியைக் கராஜில் யாரும் பேசுவதில்லை. ஆட்டத்தை அடக்கத் தேவைப்படும் தணிப்பு, எடையையும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சுருளில் எடை மட்டும் ஒன்றரை மடங்காவதால் தேவை ஒன்றேகால் மடங்கை ஒட்டியே கூடுகிறது. காற்றுப்பையில் இரண்டும் கூடுவதால் தேவை முழுதாக ஒன்றரை மடங்காகிறது. அதாவது பாரம் ஏற்றிய வண்டியில், சுருளுக்குப் பக்கத்தில் நிற்கும் சொக்கைவிடக் காற்றுப்பைக்குப் பக்கத்தில் நிற்கும் சொக்குக்குத்தான் வேலை அதிகம். பிராடோவில் மின்சாரத்தால் இறுக்கம் மாறும் சொக்கைக் காற்றுப்பையோடு சேர்த்துப் பொருத்தியதில் இருக்கும் நியாயத்தை இந்தக் கணக்கிலேயே காணலாம். அந்தச் சொக் பாதி பலம் இழந்தால் என்ன ஆகும்? இறுக்கம் மாறாத நிலையில் கணக்குப் போடுவோம். ஆட்டம் முற்றாக எழாமல் தடுக்கத் தேவையான அளவில் பத்தில் மூன்று பங்கு தணிப்பு புதிய சொக்கில் இருந்தால், வெறும் வண்டியில் ஒரு குலுக்கல் ஒரே சுற்றில் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பாரத்தோடு அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. சொக் பாதி தேய்ந்து பாரமும் ஏறினால் முதல் சுற்றுக்குப் பிறகும் குலுக்கலில் பாதிக்கு மேல் மிஞ்சும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி, புதிய சொக்கும் குறைந்த பாரமும் இருந்தால் 16, 17 மீற்றருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தேய்ந்த சொக்கும் முழுப் பாரமும் என்றால் அதே அடங்கலுக்கு 50 மீற்றர் வேண்டும். அந்த 50 மீற்றருக்குள் ஒரு மாடு குறுக்கே வரலாம், ஒரு முச்சக்கர வண்டி திரும்பலாம்.

இது உடலின் ஆட்டம் மட்டும். சக்கரத்துக்கு அதைவிட வேகமான இன்னொரு துள்ளல் உண்டு, செக்கனுக்குப் பத்துத் தடவையை ஒட்டியது. பிராடோவின் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை உறுதியான அச்சு, அது பாரமானது. டயர் தன் காற்றின் மேல் அந்த அச்சைத் துள்ளவிடும்போது தடுத்து நிறுத்த சொக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. சக்கரம் துள்ளும் ஒவ்வொரு தடவையும் டயர் தரையை அழுத்தும் விசை ஏறி இறங்குகிறது; இறங்கும் நொடியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பிடித்துக்கொள்ளத் தரை இல்லை. ஏபிஎஸ் என்ன கெட்டித்தனம் காட்டினாலும் டயருக்கும் தாருக்கும் இடையில் இல்லாத பிடிப்பை உண்டாக்க முடியாது. எனவே சொக்கை ஒரு சொகுசு உறுப்பாக எண்ணி, "கொஞ்சம் ஆடினால் என்ன, பழகிவிடும்" என்று விடுவது பிரேக் லைனிங் தேய்ந்ததை அப்படி விடுவதற்கு ஒப்பானது. ஐரோப்பாவில் சக்கரத்தை ஒரு தட்டின் மேல் நிறுத்தி அதிரவைத்து, டயர் தரையை அழுத்தும் விசையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கும் பரிசோதனை பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டில் தனியார் ஜீப்புக்கு வருடாந்த வருமான உத்தரவுப்பத்திரம் வாங்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். சொக்கின் நிலையை எவரும் கேட்பதில்லை. வண்டி விடும் புகையைப் பற்றி நாம் பட்ட அக்கறையை அதன் பிடிப்பைப் பற்றிப் படவில்லை.

வண்டி மறைக்கிறது என்று ஏன் சொல்கிறேன்? உயரத்தைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஓட்டத்தின்போது வரும் வேகமான அசைவுகளை வேண்டுமென்றே கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கம்ப்ரசர் ஓட வேண்டியிருக்கும். ஆகவே அது சராசரி உயரத்தை மட்டும் பார்க்கிறது. சொக் தேய்ந்து வண்டி மேலும் கீழும் சமமாக ஆடினால் சராசரி மாறுவதில்லை. பெட்டிக்கு எல்லாம் நலம். மின்சாரச் சொக்கில் இறுக்கத்தை மாற்றும் மோட்டாரிலோ வயரிலோ கோளாறு வந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியும். எண்ணெய் கசிந்தாலோ, வால்வு தேய்ந்தாலோ, சொக்கினுள் அடைத்த நைதரசன் வாயு போனாலோ எந்த விளக்கும் எரியாது, ஏனென்றால் அவற்றை அளக்க அங்கே ஒன்றும் இல்லை. கணினியைச் செருகிப் பார்த்து "பிழைக் குறியீடு எதுவும் இல்லை" என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. கணினியிடம் அந்தக் கேள்வியே இல்லை. சொகுசிலிருந்து விறைப்புக்கு மாற்றும் சுவிச் இன்னொரு திரை. வண்டி லேசாக மிதக்கத் தொடங்கியதும் ஓட்டுபவர் அதை ஒரு படி விறைப்புப் பக்கம் திருப்புகிறார். பிரச்சினை தீர்ந்ததுபோல் இருக்கிறது. ஆறு மாதத்தில் இன்னொரு படி. தேய்மானம் மெதுவாக வருவதால் ஓட்டுபவரின் உடலும் அதற்குப் பழகிப்போகிறது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையை அழுத்தி விட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய முறை, இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இந்த வண்டிகளில் ஏறக்குறைய பயனற்றது. கையால் அவ்வளவு அசைவைக் கொடுக்க முடியாது, புஷ்களின் உராய்வே அதை விழுங்கிவிடும். நம்பத்தக்க சாட்சி டயர். பின் டயரின் மேல் உள்ளங்கையைப் பதித்துச் சுற்று வட்டமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். சொக் நல்லதாக இருந்தால் ரப்பர் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். துள்ளி ஓடிய டயரில் கைக்கு ஒரு மேடு, ஒரு குழி, மறுபடி மேடு என்று அலை தட்டும். கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். இன்னொரு சாட்சி வெப்பம். சொக் அசைவை வெப்பமாக மாற்றும் கருவி என்பதால், கரடுமுரடான பாதையில் பத்து கிலோமீற்றர் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பின் சொக்குகளின் உடலையும், சைலன்சர் குழாயில் படாமல் கவனமாக, தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. அப்புறம், தண்டு உள்ளே போகும் கழுத்துக்குக் கீழே எண்ணெயில் குழைந்த மணல் கறுப்புப் பசையாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய ஈரப்படலம் புதிய சொக்கிலும் இருக்கலாம். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வழிந்து இறங்கிய தடம் இருந்தால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது.

இந்தக் கரையில் இவை எல்லாம் உள்நாட்டைவிட வேகமாக நடக்கக் காரணம் இருக்கிறது. கடலலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று உள்ளே கொண்டுவந்து எதன் மேலும் உப்பாகப் படியவைக்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதனிலேயே கரையத் தொடங்குகிறது. இந்தக் கரையில் ஈரப்பதன் அவ்வளவு கீழே இறங்குவது அரிது. எனவே வண்டியின் அடியில் படிந்த உப்பு, வெளியே மண் காய்ந்து வெடித்த நாளிலும், முழுதாகக் காய்வதில்லை. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய குரோமியப் படலத்தில் ஒரு கீறல் கிடைத்தால் குளோரைட்டு அங்கே புகுந்து குழி தோண்டும். சொக்கின் தண்டில் அப்படி விழும் குழி ஊசிமுனை அளவுதான் இருக்கும். ஆனால் அந்தத் தண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரப்பர் சீலின் உதட்டை உரசிக்கொண்டு போய்வருகிறது. குழியின் விளிம்பு உதட்டை அரிக்கிறது, அரிந்த இடத்தால் மணல் உள்ளே போகிறது, எண்ணெய் வெளியே வருகிறது. தண்டை மூடும் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தும் அதைச் சின்ன விஷயமாக விட்டுவிடுகிறோம். இந்த மணல் மண்ணில் அது சின்ன விஷயமே அல்ல.

காற்றுப்பைக்கு வேறு எதிரிகள். பை நேரான குழாய் அல்ல. கீழே உள்ள பிஸ்டனின் மேல் மடிந்து, வண்டி ஏறி இறங்கும்போது அந்த மடிப்பு உருண்டு நகரும். மடிப்புக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிக்கிய மணல் ஒவ்வோர் உருளலிலும் ரப்பரைத் தேய்க்கிறது. மடிப்பு எப்போதும் இழுபட்ட நிலையில் இருப்பதால் ஓசோனும் அங்கேதான் தாக்கும். இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வெட்டுகிறது. காற்றில் நூறு மில்லியனில் சில பங்கு இருந்தாலே போதும். வெடிப்பு இழுவைக்குக் குறுக்காக விழுகிறது. இதை எதிர்க்கும் மருந்துகளையும் மெழுகையும் ரப்பரில் கலந்தே செய்கிறார்கள், அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காவல் நிற்கும். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொட வந்த நாற்றுகளோடு ரப்பரை வளர்க்கத் தொடங்கிய நாடு இது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது இங்கே தெரியாத செய்தி அல்ல. ஆனாலும் வண்டியின் அடியைக் கழுவிய கையோடு, துருப் பிடிக்காமல் இருக்க என்று டீசலும் பழைய எஞ்சின் ஒயிலும் பீச்சும் வழக்கம் சில இடங்களில் இன்னும் நீடிக்கிறது. லீஃப் ஸ்பிரிங் லொறிக்கு அது ஓரளவு சரி. காற்றுப்பை உள்ள வண்டியில் அந்த எண்ணெய் காவல் மெழுகைக் கரைத்துவிடுகிறது, சில ரப்பர் வகைகளை ஊதவும் வைக்கிறது. நல்ல தண்ணீரால், அமுக்கம் குறைத்து, மடிப்பில் உள்ள மணல் போகும்படி கழுவுவதே போதும்.

பை கசியத் தொடங்கினால் அடுத்த பலி கம்ப்ரசர். அது ஒரு நாளில் சில நிமிடங்கள் ஓடுவதற்கென்று செய்த சிறிய இயந்திரம். கசிவை ஈடுகட்ட அடிக்கடி ஓடினால் சூடேறி அதன் வளையங்கள் தேய்கின்றன. உள்ளே இழுக்கும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் இந்தக் கரையின் காற்றில் சீக்கிரம் நிரம்பிவிடும். அப்புறம் தண்ணீரே வால்வுகளுக்குள் போகும். அதனால்தான் கசிவைத் தள்ளிப்போடுவது எந்தக் கணக்கிலும் மிச்சம் அல்ல. ஆனால் வண்டி தாழ்ந்தது என்றதும் பையைக் குறை சொல்லவும் கூடாது. வண்டியை மேல் மட்டத்துக்கு ஏற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் முதலில் குழாய் சேரும் இடத்திலும் பிறகு மடிப்பைச் சுற்றியும் தடவ வேண்டும். குழாய்ச் சந்தியில் ஒரே இடத்தில் குமிழி பொங்கினால் ஓ-ரிங் ஒன்றை மாற்றினால் போதும், செலவு அற்பம். மடிப்பில் வரிசையாக, கடுகு மாதிரிச் சிறு குமிழிகள் முளைத்தால் அது வெடிப்பின் வரிசை. அந்தப் பையின் ஆயுள் முடிந்தது. ஒரு பக்கத்துப் பை அப்படி வெடித்தால் அதே வயதும் அதே மணலும் கண்ட மறுபக்கத்துப் பையும் தூரத்தில் இல்லை. பைகள் அந்த வயதை அடைந்த வண்டியில் சொக்குகளும் அதே கிலோமீற்றர்களை ஓடியவையே. தாழ்ந்த வண்டியோடு சில நாள் ஓடியிருந்தால், ஏற்கெனவே தேய்ந்த சொக் முழுதாக அமுங்கிய நிலையில் அடிவாங்கியிருக்கும்.

இங்கே கேட்கப்படும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இவ்வளவு தொல்லை எதற்கு, காற்றைக் கழற்றி எறிந்துவிட்டு உருக்குச் சுருளைப் போட்டால் தீர்ந்ததே? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது, வரலாறே அதன் பக்கம் நிற்கிறது. 1957இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் விலை உயர்ந்த கடிலாக் எல்டொராடோ புரோமில் நான்கு சக்கரத்துக்கும் காற்று ஸ்பிரிங் கொடுத்தது. கசிவு தாங்காமல் பல உரிமையாளர்கள் அவற்றைக் கழற்றிச் சுருள் போட்டார்கள். அன்றைய ரப்பரும் வால்வும் அன்றைய கனவுக்கு ஈடு கொடுக்கவில்லை. இன்றும், எப்போதும் ஏறக்குறைய ஒரே பாரத்தோடு ஓடும் வண்டிக்கு, அந்தப் பாரத்துக்கு ஏற்ற சுருளைத் தேர்ந்து போடுவது நியாயமான தீர்வு என்றே கருதுகிறேன். ஆனால் அதைச் சரியாகச் செய்பவர் குறைவு. வெறும் வண்டிக்கு ஏற்ற சுருள் ஏழு பேரோடு தாழும். ஏழு பேருக்கு ஏற்ற சுருள் வெறும் வண்டியைக் குதிரையாக்கும். உயரச் சென்சரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் முறையாக நீக்காமல் விட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இந்த வாதத்துக்கு இன்னும் முக்கியமானது: சுருள் போட்டவர்கள் பழைய சொக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காற்றுப்பைக்கு என்று அளந்த, அதுவும் தேய்ந்த சொக், அளவு மாறிய ஒரு சுருளை அடக்க வேண்டியிருக்கிறது. கசிவு நின்றது, வண்டி நேராக நின்றது, ஆட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுருளுக்கு மாறுவதென்றாலும் அந்தச் சுருளுக்கு ஏற்ற புதிய சொக்கோடு மாற வேண்டும். சொக் மாற்றும் கடமையிலிருந்து தப்ப அது வழி அல்ல.

அடுத்த மறுப்பு பணம். புதிய அசல் பாகங்களின் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்தைத் திகைக்க வைக்கும், அதுவும் 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்த பிறகு. அதனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் கழற்றிய பழைய பாகங்களைத் தேடிப் போகிறார்கள். அதில் குற்றம் காண மாட்டேன். பல பாகங்களுக்கு அது சிக்கனமான, புத்தியான வழி. ஒரு கதவோ கியர்பெட்டியோ எத்தனை வயது என்பதைவிட எப்படி இருக்கிறது என்பது முக்கியம், அதைப் பார்த்தும் சொல்லலாம். ஆனால் ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகிறது, சொக்கின் உள்ளே வால்வு எவ்வளவு தேய்ந்தது என்பதை மேசையில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த இரண்டு பாகத்துக்கு மட்டும் பழையது வேண்டாம். பணம் போதாவிட்டால், பெயர் உள்ள மாற்றுத் தயாரிப்பாளர்களின் புதிய சொக்கை, மின்சார இறுக்கம் இல்லாத சாதாரண வகையாக இருந்தாலும், வாங்குவது பழைய அசலைவிட மேல். பாரம் ஏற்றும் வண்டி என்று சொல்லிச் சற்று விறைப்பான வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பதைத்தான் நான் முற்றாக எதிர்க்கிறேன். ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் ஆடும் அச்சு, பள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியை ஒரு பக்கம் இழுக்கும்.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. தூக்குமுன் உயரக் கட்டுப்பாட்டு சுவிச்சை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தூக்கிய வண்டியைச் சரிசெய்ய நினைத்து இயந்திரம் தானாகக் காற்றை விடும், கை உள்ளே இருக்கும்போது அது பெரிய ஆபத்து. சட்டகத்தைத் தாங்கிகளில் நிறுத்தி, அச்சைத் தனி ஜாக்கில் தாங்கி, பையின் காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகுதான் எதையும் கழற்றலாம். உப்பில் இறுகிய கீழ் போல்ட்டுக்கு முதல் நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் விட்டு வைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த எண்ணெய் பையில் தெறிக்காமல் துணி போட்டு மூட வேண்டும். புதிய சொக்கைப் பொருத்தும் நிலையில் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுதாக இழுத்து அமுக்கினால் படுத்திருந்தபோது எண்ணெய்க்குள் கலந்த வாயு மேலே போய்விடும். தண்டைக் குறடால் பிடிக்கக் கூடாது. ஒரு பல் பதிந்தால் மேலே சொன்ன குழியை நாமே தோண்டியதாகிவிடும். புதிய பைக்குள் காற்று ஏறாமல் வண்டியின் எடையை அதன் மேல் இறக்கினால் மடிப்பு தப்பாக விழுந்து முதல் நாளிலேயே கிழியும். கடைசியாக, சொக்கின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் அல்லாமல், வண்டி தன் மட்டத்தில் நிற்கும்போதே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் வேலை செய்து சில மாதங்களில் கிழிந்துபோகும், அந்தத் தட்டும் சத்தத்துக்குப் புதிய சொக்கைக் குற்றம் சொல்வார்கள். சிலிக்கா மணிகளையும் இதே வேலையோடு மாற்றி, முதல் ஒரு வாரம் காலையில் வண்டியை எழுப்பும்போது கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு வைக்க வேண்டும். அந்த நேரம் நாளுக்கு நாள் நீண்டால் எங்கோ ஒரு சந்தி இன்னும் கசிகிறது. சோப்புத் தண்ணீரோடு மறுபடி குழாய்ச் சந்தியிலிருந்து தொடங்கலாம்.